அந்தப் பொலிஸ்காரனுக்கு நீ சொன்ன நன்றி

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிய ஈரத்தோடு நின்று, "கல்கரியிலை வேலை கிடைச்சிருக்கு அம்மா, வாற சனி வெளிக்கிடுறன்" என்று சொன்னாய். அப்பா சம்பளம் கேட்டார், குளிர் எப்படி என்று கேட்டார், அங்கே எங்கள் ஆட்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். நான் மட்டும் ஒன்றும் கேட்காமல், கழுவிய சட்டியையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு நின்றேன். அம்மா அழுகிறாள் என்று நினைத்திருப்பாய். கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டே, "அழாதேங்கோ, ஒவ்வொரு கிழமையும் ரெலிபோன் எடுப்பன்" என்றாய். நான் அழவில்லை தம்பி. எனக்குக் கோபம். வாயைத் திறந்திருந்தால் கத்தியிருப்பேன். கத்தினால் உனக்கு என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். முதலில் உன் கண் கதவுக்குப் போகும், பிறகு நீ போவாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்துக்குச் சத்தம் இல்லை. இடையில் மூச்சு முட்டினால் இதைக் கீழே வைத்துவிட்டு, வெளியே கொஞ்சம் நடந்துவிட்டு வந்து மிச்சத்தைப் படி. ஆனால் முழுதும் படி.

வேலைக்காகத்தான் போகிறாய் என்றால் உன் பெட்டியை நானே அடுக்கித் தருவேன். இளந்தாரிப் பிள்ளை, நல்ல சம்பளம், போகத்தான் வேண்டும். ஆனால் நீ வேலைக்காகப் போகவில்லை. இரண்டு வருடமாக நீ என் முகத்தைப் பார்ப்பதில்லை. எங்களுடைய அப்பார்ட்மெண்டை விட்டுச் சிநேகிதர்களோடு போயிருந்தாய், அது போதவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வருவாய், சோற்றுக் கோப்பையைப் பார்த்துச் சாப்பிடுவாய், ரீவியைப் பார்த்துக் கதைப்பாய், அதுவும் போதவில்லை. இப்போது இரண்டு இரவு பஸ் ஓடவேண்டிய கல்கரி. அதற்கும் அப்பால் ஓர் ஊரில் வேலை கிடைத்திருந்தால் அங்கே போயிருப்பாய். அந்தக் குளிர்காலப் பிற்பகலில் நடந்ததை நீயும் நானும் ஒருநாளும் கதைத்ததில்லை. இன்றைக்கு நான் கதைக்கப் போகிறேன்.

அதற்கு முதல் நீ எப்படிப்பட்ட பிள்ளையாக இருந்தாய் என்பதைச் சொல்லவேண்டும், ஏனென்றால் உனக்கே அது மறந்துவிட்டது. எண்பத்துமூன்று ஆடியில் வெள்ளவத்தையில் எங்கள் வீடு எரிந்தபோது சந்தியில் பொலிஸ் ஜீப் நின்றது. அவர்கள் இறங்கவில்லை. ஒருவன் மதிலில் சாய்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டு பார்த்தான். பக்கத்து வீட்டுக் குளியலறையில் நாங்கள் மூன்று பேரும் ஒளிந்திருந்து யன்னல் இடுக்கால் அதைக் கண்டோம். அப்போது உனக்குப் பதினெட்டு வயது. நீ நடுங்கவில்லை. "பொலிஸ் எண்டால் உதுதானே" என்றாய், அவ்வளவுதான். அடுத்த வருடம் இந்த நாட்டுக்கு வந்தோம். அதற்கடுத்த கோடையில் எங்கள் சனம் ரொறொன்ரோ நகரத்துக்குள் ஊர்வலம் போனது. நான் வரமாட்டேன் என்றேன், நீதான் இழுத்துக்கொண்டு போனாய். பெரிய சந்தி ஒன்றில் ஒரு பொலிஸ்காரன் கையைக் காட்டி இரண்டு பக்கத்துக் கார்களையும் நிறுத்தி எங்களைக் கடக்க விட்டான். நீ நடுரோட்டிலேயே நின்றுவிட்டாய். "அம்மா, எங்களுக்காகக் காரை நிப்பாட்டுறான்! எங்களுக்காக!" என்று கத்தினாய். பின்னால் வந்தவர்கள் உன்னில் முட்டிக்கொண்டார்கள். அன்றைக்கு உன் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் அதற்குப் பிறகு காணவில்லை. எங்கள் வீட்டில் இந்த நாட்டை முதலில் நம்பியவன் நீ. நானும் அப்பாவும் உன்னைப் பார்த்துத்தான் நம்பினோம்.

அதனால்தான், அந்தக் குளிர்காலம் அகதிகளைத் திருப்பி அனுப்பச் சட்டம் கொண்டுவருகிறார்கள் என்ற கதை வந்து, எங்கள் பத்திரங்கள் கிடக்கிற குடிவரவுக் கந்தோருக்கு முன்னால் போய் நிற்பது என்று முடிவானபோது, பயப்படாமல் வெளிக்கிட்டோம். அப்பாவுக்கு வேலை, நீயும் நானும் போனோம். கீழ்மாடி பூமணி அன்ரியும் எங்களோடு வந்தாள். ஹோட்டல் ஒன்றில் துணி தோய்க்கிற வேலையில் அன்றைக்கு அவளுக்கு லீவு. நான் சேலைக்குமேல் கோட்டும், காலில் அப்பாவின் பெரிய சப்பாத்தும் போட்டிருந்தேன். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். தேர்மஸில் தேத்தண்ணீரும் ஒரு பை நிறைய வடையும் கொண்டுபோனோம். காலையில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மறிப்புக் கட்டையின் அந்தப் பக்கத்தில் பழுப்பு மீசை வைத்த ஒரு பொலிஸ்காரன் நின்றான். நீ அவனோடு ஹொக்கி கதைத்தாய். கடதாசிக் கோப்பையில் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாய். அவன் வடையைக் கடித்து, உறைப்பில் கண் கலங்கிச் சிரித்து, இன்னொன்று கேட்டு வாங்கினான். தன் மகனுக்கு உன் வயது என்றான். நீ என் பக்கம் திரும்பி, "பாத்தீங்களே?" என்பதுபோல் புருவத்தை உயர்த்தினாய்.

பிறகு முன்பக்கத்தில் சிலர் கந்தோர் வாசலை மறித்து நிலத்தில் இருந்துவிட்டார்கள். எழும்பச் சொன்னார்களாம், எழும்பவில்லையாம். ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்களாம். பின்னால் நின்ற எங்களுக்கு ஒரு இரைச்சல்தான் கேட்டது. "என்ன சொல்லுறான்?" என்று பூமணி கேட்டாள், நீ "விளங்கேல்லை அன்ரி" என்றாய். உனக்கே விளங்கவில்லை என்றால் எங்களுக்கு எப்படி விளங்கும்? மூலையால் பொலிஸ் குதிரைகள் திரும்பின. அதுவரை நான் குதிரையை அவ்வளவு கிட்டத்தில் கண்டதில்லை. அதன் நெஞ்சு என் தலைக்கு மேலே இருந்தது. மூக்கால் புகை வந்தது. பின்னுக்குப் போ, பின்னுக்குப் போ என்று கத்தினார்கள். பின்னால் கட்டடத்துச் சுவர், பக்கத்தில் கம்பி வேலி. எங்கே போவது? போக இடமில்லாதவனைப் பார்த்துப் போ என்று கத்துவதைவிட மனிதனைக் கேவலப்படுத்த வேறு வழி இருக்கிறதா? அதைத்தான் இன்றைக்கும் என்னால் பொறுக்கமுடியவில்லை. அவர்களுக்குச் சுவர் தெரியும். குதிரைமேல் இருந்தவனுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே வந்தார்கள்.

நீ என் கையைப் பிடித்திருந்தாய். மறிப்புக் கட்டையைத் தள்ளிக்கொண்டு வந்தவர்களில் அந்தப் பழுப்பு மீசைக்காரனும் இருந்தான். தலைக்கவசக் கண்ணாடியை முகத்துக்கு இறக்கியிருந்தான், ஆனால் மீசை தெரிந்தது. நீ அவனைக் கண்டதை நான் கண்டேன். "சேர், மை மதர், மை மதர்" என்று என்னைக் காட்டினாய். அவன் பொல்லைக் குறுக்காகப் பிடித்து உன் நெஞ்சில் வைத்துத் தள்ளினான். உன்னைத் தெரியாதவன்போல் தள்ளினான். உனக்குப் பக்கத்தில் குதிரை பக்கவாட்டில் சுழன்றது. உன் கை என் கையில் இருந்தது, பிறகு இல்லை. நான் சப்பாத்து தடக்கி விழுந்தேன். உருகிய பனிச்சேற்றில் முகம் குத்தி விழுந்து, இரும்பு அடித்த குளம்புகளை என் கண்ணுக்கு நேரே பார்த்துக்கொண்டு கிடந்தேன். பூமணிதான் என் கோட்டுக் கழுத்தைப் பிடித்து, மூட்டை இழுப்பதுபோல் இழுத்து வெளியே எடுத்தாள்.

உன்னை அடுத்த தெருவில் ஸ்ரீட்கார் தரிப்பில் கண்டோம். தொப்பி இல்லை. யாருக்கோ இடம் விடுவதுபோல் ஒதுங்கி நின்றாய். நான் உன் தலையில் கிடந்த பனியைத் தட்டினேன். அந்த நேரம் பார்த்து அந்த மீசைக்காரன் இன்னொருவனோடு அந்தப் பக்கமாக நடந்து வந்தான். கண்ணாடியை மேலே உயர்த்தியிருந்தான். திரும்பவும் காலையில் வடை தின்ற மனிதன். உன்னைப் பார்த்துச் சிரித்து, அம்மாவைப் பத்திரமாக வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ என்று ஆங்கிலத்தில் சொன்னான். நீ சொன்னாய்: "தாங்க் யூ சேர்."

தம்பி, அந்த வார்த்தை உன் தொண்டையில் இன்றைக்கும் முள்ளாக நிற்கிறது என்பது எனக்குத் தெரியும். நித்திரையில் அதைச் சொல்லியிருக்கிறாய். ஒருமுறை சொல்லிவிட்டு, எழும்பியிருந்து உன் வாயில் நீயே அறைந்தாய். அறைக் கதவு திறந்திருந்தது, நான் பார்த்தேன். அப்போதே உள்ளே வந்து உன்னைக் கட்டிப்பிடித்திருக்கவேண்டும். அப்பாவுக்குச் சாப்பாடு கட்டுகிற அவசரம் என்று எனக்கே பொய் சொல்லிக்கொண்டு போய்விட்டேன்.

அதற்குப் பிறகு உன்னில் ஒவ்வொன்றாகக் கழன்றது. சுரங்க ரயில் மேடையில் சனம் கூடினால் நிற்கமாட்டாய், ஸ்காபரோவில் இருந்து கொலிச்சுக்குப் பாதி வழி நடந்தே போனாய். பிறகு கொலிச்சுக்கே போகவில்லை. இலத்திரனியலில் வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளை, வாத்தியார் குரலை உயர்த்தினால் கை வேர்க்கிறது என்று விட்டாய். அதையும் எங்களிடம் சொல்லவில்லை, சிநேகிதன் சொல்லித்தான் தெரிந்தது. றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் பூசை முடிந்து பிரசாதம் வாங்கச் சனம் நெருக்கியபோது நீ காணாமல் போனாய். கார்களுக்கு நடுவே வெறுங்காலோடு பனியில் குந்திக்கொண்டிருந்தாய். பார்த்தவர்கள் வெறி என்றார்கள். குடிக்காத பிள்ளையைக் குடிகாரன் என்றார்கள், நீ அதை மறுக்கவில்லை. குடிகாரன் என்ற பெயர் உனக்குச் சுகமாக இருந்தது, இல்லையா? பயந்தவன் என்பதைவிட. டொக்டர் முழங்காலில் தட்டிப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார், ஒரு காயமும் இல்லை என்றார். நித்திரைக் குளிசை எழுதித் தந்தார்.

இதைவிட மோசமாக எங்கள் ஆட்கள் நடந்தார்கள். அன்றைய கூட்டத்தை ஒழுங்கு செய்த சங்கத்தில் செயலாளர் என்று ஒருவர் இருந்தாரே, அவர் அப்பிள் பையோடு வீட்டுக்கு வந்தார். அவர் வந்தது உனக்குத் தெரியும், நீ அறைக்குள் இருந்தாய். என்ன சொன்னார் என்று உனக்குத் தெரியாது. "அக்கா, பேப்பர்காரர் வந்து கேட்டால் ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ. எங்கடை சனத்தின்ரை கேஸ் எல்லாம் உவங்கள் கையிலைதான் கிடக்குது. நல்ல பேர் கெட்டுப்போகும்" என்றார்.

நான் கேட்டேன், "நல்ல பேர் எண்டு சொல்லுறியள், நான் குதிரைக்குக் கீழை கிடந்தனான். ஆரின்ரை நல்ல பேர்?"

"ஓம் அக்கா, எனக்கு விளங்குது. ஆனால் தம்பியிட்டையும் சொல்லுங்கோ. அங்கை ஊரிலை அவன்ரை வயசுப் பெடியள் சித்திரவதைப்பட்டுச் சாகிறாங்கள். இவனை ஒருத்தரும் அடிக்கேல்லையே. கொஞ்சம் தள்ளினவங்கள், அவ்வளவுதானே."

அப்பா தலையாட்டினார். "உண்மைதான். அங்கை எண்டால் சுட்டிருப்பான்" என்றார். அப்பாவைக் கோபிக்காதே. அவருக்கு எல்லாவற்றையும் அளக்க அந்த ஒரு அளவுகோல்தான் இருக்கிறது, அது எரிந்த வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தது. ஆனால் நான் அன்றைக்கு எழும்பி நின்றேன். "சுடாததுக்கு நன்றி சொல்லவே இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?" என்று கேட்டேன். செயலாளர் அப்பிளை மேசையில் வைத்துவிட்டுப் போனார். நான் அதை வெட்டவும் இல்லை, ஒருவருக்கும் கொடுக்கவும் இல்லை. பை அப்படியே கிடந்து அழுகியது. அதற்குமேல் எனக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை. முறைப்பாடு கொடுப்போம் என்றேன். "எங்கடை அகதிப் பேப்பர் இன்னும் வரேல்லை" என்றார் அப்பா. அந்த ஒரு வசனத்துக்கு முன்னால் நானும் வாயை மூடினேன்.

உன்னை வருத்தியது எது என்று நான் கனநாள் யோசித்தேன். கொழும்பில் அவர்கள் செய்தது இதைவிட நூறு மடங்கு. ஆனால் அங்கே நீ ஒருபோதும், நான் என்ன பிழை செய்தேன் என்று உன்னையே கேட்கவில்லை. அவர்கள் எதிரிகள், நாங்கள் ஒளிந்தோம், முடிந்தது. இங்கே ஒருவன் உன் கையால் தேத்தண்ணீர் வாங்கிக் குடித்தான். அவனே பிறகு உன் நெஞ்சில் பொல்லை வைத்தான். பிறகு அவனே உன்னை மகனைப்போல் அன்பாக வழியனுப்பினான். அதற்குள் எது உண்மை முகம் என்று தேடித் தேடி, விடை கிடைக்காமல், கடைசியில் பிழை உன்னில்தான் என்று முடிவு கட்டிவிட்டாய். நான் சத்தம் போட்டிருப்பேனோ, தள்ளியிருப்பேனோ, சொன்னது விளங்காதது என் பிழையோ. அவர்கள் உன் எலும்பைத் தொடவில்லை. உன்னையே உனக்கு நீதவானாக இருத்திவிட்டு, சம்பளம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். இப்படிச் செய்ய அவர்களுக்குப் படிப்பிக்கிறார்களோ, இல்லை தானாக வருகிறதோ, எனக்குத் தெரியாது. எதுவானாலும் நான் அவர்களை மன்னிக்கவில்லை. அந்த மீசைக்காரனுக்கு உன் வயதில் மகன் இருப்பதாகச் சொன்னான். தன் மகனின் நெஞ்சில் பொல்லை வைப்பானா?

இனி மற்றதைச் சொல்கிறேன். நீ என் கையை விட்டாய். வழுக்கியது, இழுபட்டது என்று எல்லோருக்கும் நான் சொன்ன கதை பொய். விட்டாய். எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் உனக்குத் தெரியும். அதனால்தான் கல்கரி. இன்னும் ஒன்று சொல்கிறேன், ஏனென்றால் பாதி உண்மை சொல்லி உன்னை ஏமாற்ற நான் விரும்பவில்லை. முதல் ஒரு வருடம் என் கோபம் முழுவதும் உன்மேல்தான் இருந்தது. பெற்ற தாயைக் குதிரைக்குக் கீழே விட்டுவிட்டு ஓடினானே என்று, சோறு போடும்போது, உன் சேர்ட்டை மடிக்கும்போது, நினைத்துக்கொண்டே இருந்தேன். வாயால் சொல்லவில்லை. ஆனால் நீ அதை என் முகத்தில் வாசித்திருப்பாய், நீ குழந்தையிலிருந்தே என் முகத்தை வாசிக்கிறவன். பிறகு அந்தக் கோபம் மெல்ல மெல்ல ஆறியது. ஆறியதே தவிர, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. போன மாதம்தான் விளங்கியது.

போன மாதம் பூமணி வந்து, "அதே கந்தோருக்கு முன்னாலை திரும்பவும் நிக்கப் போறாங்கள். வாறியே?" என்று கேட்டாள். அப்பாவுக்குச் சொல்லவில்லை. பால் வாங்கப் போகும்போதும் எல்லாப் பத்திரங்களையும் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, சிவப்பு விளக்கில் வெறும் ரோட்டையும் கடக்காமல் நின்று, பஸ்ஸில் தமிழ் கதைக்கவே குரலை அடக்கி, இப்படியே கிழவியாகிவிடுவேனோ என்ற எரிச்சலில் "வாறன்" என்றேன். நானும் அவளும் கையைக் கோத்துக்கொண்டு நின்றோம். இந்தமுறை குதிரை இல்லை. சனமும் குறைவு. கொஞ்சநேரத்தில் பொலிஸ்காரர் வரிசையாக வந்தார்கள், பொல்லைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, ஒரே காலடியில். நடைபாதை விளிம்பில் நின்றுவிட்டார்கள். அவ்வளவுதான் தம்பி, வேறு ஒன்றும் நடக்கவில்லை. ஒருவரையும் தொடவில்லை. அவர்கள் நின்றதையும் நான் பார்க்கவில்லை, பூமணி சொல்லித்தான் தெரியும். நான் அப்போது ரோட்டுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு டோனட் கடை வாசலில், கண்ணாடிக் கதவின் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். எப்படிக் கடந்தேன், கார் வந்ததா, எதுவும் ஞாபகம் இல்லை. கைப்பை இல்லை. உள்ளே போகவேண்டும் வழிவிடு என்று ஒரு மனிதன் கேட்டுக்கொண்டு நின்றான், எனக்குக் கையை எடுக்கத் தெரியவில்லை.

பூமணி என் கைப்பையைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்து வந்தாள். கண் சிவந்திருந்தது. "என்னடியப்பா செய்தனி? உன்னைக் கையிலை பிடிச்சுக்கொண்டு நிக்கிறன், உதறிப்போட்டு ஓடுறாய்! பக்கத்திலை பூமணி எண்டு ஒருத்தி நிக்கிறாள் எண்ட நினைப்பே வரேல்லையோ உனக்கு?"

"வரேல்லை" என்றேன்.

அதுதான் உண்மை. என்னைக் காப்பாற்றிக்கொண்டு அவளை விடுவோம் என்று நான் நினைக்கவில்லை. பூமணி என்று உலகத்தில் ஒருத்தி இருக்கிறாள் என்பதே அந்த நேரம் எனக்குள் இல்லை. நான் என்று ஒருத்தி கூட இல்லை. ஓடிய கால் மட்டும்தான் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முதல் என்னைக் குதிரைக்குக் கீழேயிருந்து இழுத்தெடுத்தவளை நான் உதறிவிட்டு ஓடினேன்.

பூமணி கைப்பையை என் கையில் திணித்தாள். அவளுடைய கோபம் இறங்கியது. "அண்டைக்கு உன்ரை பெடியனும் உப்பிடித்தான் ஓடினவன்" என்றாள். "நான் அவன்ரை முகத்தைப் பாத்தனான். அந்த முகத்திலை ஆள் இல்லை. உனக்குச் சொல்லுவம் எண்டு எத்தினை தரம் வந்தனான். நீ வழுக்கி விழுந்தனான் எண்டு கதை சொல்லிக்கொண்டிருந்தாய், நான் என்னத்தைச் சொல்ல?"

அந்தக் கடை வாசலில் நான் அழுதேன். துக்கத்தில் இல்லை தம்பி, ஆத்திரத்தில். ஒரு வருடம் உன்மேல் வைத்திருந்த கோபம் யாருக்குச் சேரவேண்டியதோ அவர்கள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கையுறையைச் சரிசெய்துகொண்டு நின்றார்கள். தாயின் கையிலிருந்து பிள்ளையின் கையைப் பிரித்தவர்கள். பிரித்துவிட்டு, பிரித்தது நாங்களே என்று எங்களை நினைக்க வைத்தவர்கள். எனக்குக் கெட்ட வார்த்தைகள் அதிகம் தெரியாது, தெரிந்ததை எல்லாம் சொன்னேன். பூமணி "சத்தமாச் சொல்லு, அவங்களுக்கு விளங்கவே போகுது" என்றாள். கடைக்காரப் பிள்ளை எங்களை விசித்திரமாகப் பார்த்தாள். ஆளுக்கொரு கோப்பி வாங்கிக் குடித்தோம். பிறகு ரோட்டைக் கடந்து திரும்பப் போய் நின்றோம். முன்னுக்கு இல்லை, கடைசி வரிசையில், ஓடுவதற்கு வழி இருக்கிற இடமாகப் பார்த்துத்தான் நின்றோம். என் கால் முழுநேரமும் நடுங்கியது. நடுங்கிக்கொண்டே நின்றேன். சனம் கலைந்துபோகும்வரை நின்றேன்.

உனக்கு அறிவுரை சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. நீயும் ஊர்வலத்துக்குப் போ என்று சொல்லமாட்டேன், போகாதே என்றும் சொல்லமாட்டேன். ஆனால் கல்கரியில் ஒரு பெண்ணைக் கண்டு கட்டினாலும், சிநேகிதம் பிடித்தாலும், சனத்துக்குள் உனக்கு மூச்சு முட்டும் என்பதை முதல் நாளே சொல்லிவிடு. வெறி என்று பெயர் வாங்காதே. யாராவது, உன்னை அடிக்கவில்லையே என்று சொன்னால், அது செயலாளராக இருந்தாலும் சரி, அப்பாவாக இருந்தாலும் சரி, எழும்பி வெளியே போ, அது ஓட்டம் இல்லை. அந்த 'தாங்க் யூ'வுக்காக உன் வாயில் இனி அறையாதே. அதைச் சொன்னது ஒரு நல்ல வளர்ப்பில் வளர்ந்த பிள்ளையின் வாய். அவன்தான் அதைக் கேட்டு வெட்கப்பட்டிருக்கவேண்டும். அவன் வெட்கப்படவில்லை என்பதற்காக நீ அவனுடைய பங்கையும் சேர்த்துச் சுமக்காதே. கோபப்படு. எனக்கு இவ்வளவு காலத்துக்குப் பிறகு நெஞ்சு நிமிர்ந்தது கோபத்தால்தான், குளிசையாலும் இல்லை, கோயிலாலும் இல்லை. ஆனால் அதை உன் பக்கம் திருப்பாதே. உன் பக்கம் ஏற்கெனவே கனபேர் திருப்பிவிட்டோம்.

பஸ் நிலையத்துக்கு வரவேண்டாம், சனம் நெருக்கும், உங்களுக்குக் கரைச்சல் என்று சொன்னாய். யாருக்குக் கரைச்சல் என்பது எனக்குத் தெரியும். நான் வருவேன். அப்பா வேலைக்கு லீவு போட்டுவிட்டார், பூமணியும் வருகிறாள். அங்கே சனிக்கிழமைச் சனம் நிற்கும், ஒலிபெருக்கியில் விளங்காத அறிவிப்புச் சொல்வார்கள், வாசலில் எப்படியும் ஒரு பொலிஸ்காரன் நிற்பான். உனக்குப் பயமாக இருக்கும். எனக்கும் இருக்கும். அதை மறைக்கிற வேலை இனி வேண்டாம். ஏறுவதற்கு முன் ஒருமுறை என் முகத்தை நேரே பார், நான் கேட்பது அவ்வளவுதான். பார்க்கமுடியாமல் ஓடவேண்டும்போல் இருந்தால் சொல்லு ராசா, அப்பாவின் சப்பாத்தை விட்டுவிட்டு என் அளவுச் சப்பாத்தோடுதான் வருகிறேன். சேர்ந்தே ஓடுவோம்.

அம்மா